மீட்டர் சொன்ன பொய்

அவருக்கு ‘மீட்டர்’ என்று பெயர் வைத்தவர் முதலாளி. வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பட்டறை ஆட்கள், வாசல் காவலாளி, தேநீர் கொண்டுவரும் பெண், எல்லோருக்கும் அவர் மீட்டர்தான். வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் சொந்தப் பெயர் இருந்தது. அதைப் படித்துவிட்டு, ‘இது யாரு?’ என்று கேட்டவர்களும் உண்டு.

பழைய மசில் கார்களும் அபூர்வமான ஸ்போர்ட்ஸ் கார்களும் விற்கிற கடை அது. கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போனால் இடது பக்கம் முழுக்க ஐம்பது வருஷத்துப் பழைய மசில் கார்கள். நீண்ட மூக்கு, அகன்ற தோள், எட்டு சிலிண்டர், யாரையோ முறைத்துக்கொண்டு நிற்பது போல நான்கு விளக்குகள். வலது பக்கம், இடுப்பு உயரம்கூட இல்லாமல் தரையோடு படுத்துக் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள். அவற்றின் கதவு வானத்தைப் பார்த்துத் திறக்கும். உள்ளே போவதற்கு உடம்பை மூன்றாக மடிக்க வேண்டும். வெளியே வருவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும்.

“இந்தப் பக்கம் கோபம், அந்தப் பக்கம் திமிரு. ரெண்டுல ஒண்ணாவது உள்ளுக்குள்ள இல்லாதவன் இந்தக் கதவைத் தள்ளமாட்டான்” என்பார் முதலாளி.

மீட்டருடைய வேலை, வாங்க வருகிறவர் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போவது. பதினாலு வருஷமாக அதே வேலை, அதே பாதை. கடை வாசலிலிருந்து கிடங்குகள் இருக்கும் தெரு வழியாகப் போய், மேம்பாலம் ஏறி இறங்கினால், ஆளில்லாத நேர்ச்சாலை ஒன்று வரும். அங்கே போனதும் அவர் மெதுவாக, “இப்ப” என்பார். அவ்வளவுதான். ஓட்டுகிறவர் காலை அழுத்துவார். முதுகு இருக்கையில் அறையும், வயிறு பின்தங்கிப் போகும், சத்தம் நெஞ்செலும்புக்குள் புகுந்துகொள்ளும். குழந்தைகள் மருத்துவமனை நடத்துகிற ஓர் அம்மாள் அந்த இடத்தில் வாய்விட்டுக் கூவியிருக்கிறார். எட்டுக் கடைகளுக்குச் சொந்தக்காரர் ஒருவர் வண்டியைக் கிளப்பாமலேயே இருபது நிமிஷம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, “போதும்ங்க” என்று சொல்லி இறங்கிப் போயிருக்கிறார். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாழ்நாளெல்லாம் தலையாட்டியே பழகியவர்கள் என்பது மீட்டரின் கணிப்பு. யாருக்கும் தலையாட்டாத ஒன்றை ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிற ஆசைதான் அவர்களை இங்கே கொண்டுவந்து விடுகிறது.

பெயர்க் காரணம் இதுதான். சேர்ந்த புதிதில், முதலாளி ஏலத்தில் எடுத்த ஒரு பழைய வண்டியைக் கிளப்பியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவருடைய முன்னங்கை முடி மொத்தமும் எழுந்து நின்றது. முதலாளி அதைப் பார்த்துவிட்டார். அடுத்த வாரம் பளபளவென்று இன்னொன்று வந்தது. கை சும்மா கிடந்தது. மூன்றே வாரத்தில் அந்த வண்டியின் இன்ஜின் இறுகிப்போயிற்று. அதிலிருந்து எந்த வண்டியை வாங்குவதானாலும் இவரை ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, “நின்னுச்சா?” என்று ஒரே கேள்விதான் கேட்பார் முதலாளி. இதில் மாயம் மந்திரம் ஒன்றுமில்லை. இன்ஜினில் எங்கே தட்டுகிறது, எங்கே இழுக்கிறது என்பதை இவருடைய காதும் முதுகும் முதலில் கண்டுபிடித்துவிடும். கை அதை மீட்டர் முள் மாதிரி வெளியே சொல்லும், அவ்வளவே.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் அவருடைய மனைவி இறந்துபோனார். கணையத்தில் கட்டி. பரிசோதனை முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் பதினோரு வாரம். மீட்டர் ஆறு நாள் விடுப்பு எடுத்தார். ஏழாம் நாள் வேலைக்கு வந்தபோது ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் அவருக்காகக் காத்திருந்தது. கிளப்பினார்கள். பன்னிரண்டு சிலிண்டர் அலறிய அலறலில் கடையின் கண்ணாடிகள் அதிர்ந்தன. மீட்டர் குனிந்து தன் கையைப் பார்த்தார். மேசை மேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அது மடியில் கிடந்தது.

ஆரம்பத்தில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்கம் வரும், வந்து ஒரு பாடு அழுது தீர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார். துக்கம் வரவில்லை. அதுதான் அவருக்கு விசித்திரமாக இருந்தது. வலிக்கவுமில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் போல எல்லாம் தடித்துக் கிடந்தது. குழாயைத் திறந்துவிட்டு வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். மகள் வந்து மூடுவாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண், இருபத்திரண்டு வயது. அவளும் அவரும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். “இன்னும் கொஞ்சம் போடவா?” “போதும்மா.” ஒரு நாளைக்கு அவர்களுக்குள் நடக்கிற பேச்சு அநேகமாக அவ்வளவுதான்.

வேலையில் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வாங்க வருகிறவர்களின் கண்ணெல்லாம் வண்டி மேல். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? சொல்ல வேண்டிய இடத்தில் “இப்ப” என்று சொன்னார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். முதலாளி “நின்னுச்சா?” என்று கேட்டபோதெல்லாம் பட்டறைத் தலைவர் வண்டியைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைக் காதில் வாங்கிக்கொண்டு அதற்கேற்ப ஆமாம், இல்லை என்று சொல்லிச் சமாளித்தார். பட்டறைத் தலைவருக்கு ‘ஸ்பானர்’ என்று பெயர். பொய் பேசத் தெரியாத மனிதர், அதனால் அவரை வாடிக்கையாளர் பக்கமே விடமாட்டார்கள். ஏழெட்டு வண்டிகள் இப்படியே தாண்டிப் போயின.

பிறகுதான் அந்தக் கருநீல வண்டி வந்தது.

பல் செட் செய்து கொடுக்கும் ஓர் அம்மாள் தொலைபேசியில் பேசினார். தன் கணவருடைய பழைய மசில் காரை விற்க வேண்டும் என்றார். கணவர் முப்பத்துநாலு வருஷம் பஸ்களுக்குக் கூடு கட்டும் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. வண்டி மூன்று வருஷமாகக் கொட்டகையிலேயே நிற்கிறது. அன்றைக்கு ஸ்பானருக்குக் கையில் வேறு வேலை இருந்ததால் முதலாளி மீட்டரை மட்டும் அனுப்பினார். “நீ போனா போதும். கையைக் கேட்டுட்டு வா.”

அந்த வீட்டு முன்னறையில் சுவர் நீளத்துக்கு ஒரு பலகை; அதன் மேல் பல் செட்டுக்காக வரிசையாக வெள்ளைச் சாந்தில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண். கண் தெரியாத மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வாட்டசாட்டமான உடம்பு, புறங்கைகளில் பழைய தீப்பொறித் தழும்புகள். அவர் எழுந்து வரவில்லை. “போய்ப் பாருங்க. நல்லா பாருங்க. பாத்துட்டு வந்து என்ன வேணும்னாலும் கேளுங்க” என்றார்.

அம்மாள் கொட்டகையைத் திறந்தார். வண்டி அழகாகத்தான் இருந்தது. மீட்டர் கிளப்பினார், ஓட்டினார், அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாலு தெரு சுற்றி வந்தார்கள். கை வழக்கம் போல அசையவில்லை. வழக்கமாகக் கம்பளத்தைத் தூக்கித் தரையைத் தட்டிப் பார்ப்பார், படுத்துக்கொண்டு அடிப்பாகத்துக்கு விளக்கு அடிப்பார். அன்றைக்கு அதெல்லாம் செய்ய வேண்டும் என்று நினைவு இருந்தது. குனிவதற்கு உடம்புக்குத்தான் காரணம் எதுவும் அகப்படவில்லை. வீட்டுக்குள் திரும்பியபோது அந்த மனிதர் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார்.

“கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லையா?”

“இல்லைங்க. நல்ல வண்டி.”

அவர் முகத்தை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, “சரி” என்றார். வாசலுக்கு வந்து முதலாளிக்குப் போன் போட்டார் மீட்டர். நின்னுச்சா என்று கேள்வி வந்தது. “நின்னுச்சு” என்றார்.

வண்டி கடைக்கு வந்து, கழுவி, மெருகேறி, இடது வரிசையில் மூன்றாவதாக நின்றது. ஸ்பானர் இன்ஜினையும் பிரேக்கையும் பார்த்தார். மற்றதை மீட்டர் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டார். இரண்டாவது வாரம், லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் நடத்துகிற ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று பேனா குத்திய சட்டை. எல்லா வண்டிகளையும் விட்டுவிட்டு நேராகக் கருநீலத்திடம் போய் நின்றார். “முப்பது வருஷமா மேலயும் கீழயும் போயிட்டிருக்கேன். நேரா எங்கயும் போனதில்ல” என்றார். அதை வேடிக்கையாகச் சொன்னாரா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை.

காலை பதினோரு மணி. மேம்பாலம் இறங்கினார்கள். நேர்ச்சாலை வந்தது. மீட்டர், “இப்ப” என்றார்.

லிஃப்ட்காரர் காலை அழுத்தினார். வண்டி பாய்ந்தது. பாய்ந்த அதே நொடியில் அடியிலிருந்து படாரென்று ஒரு சத்தம், தடித்த தகரத்தை யாரோ முழங்காலில் வைத்து ஒடித்தது போல. முன்கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரைக்கும் கோடு ஓடியது. வண்டியின் முதுகு ஒரு பக்கம் போக, முன்பாகம் இன்னொரு பக்கம் போக, மீட்டரின் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. சாலை அவருக்குப் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஓடியது. வயிற்றுக்குக் குறுக்கே இருந்த ஒற்றைப் பட்டை மட்டும்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. அவர் அந்தச் சாலையைப் பார்த்தார். காலையில் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று யோசித்தார். அணைத்ததாகத்தான் ஞாபகம்.

வண்டி ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் தேய்ந்து தேய்ந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. லிஃப்ட்காரரின் கைகள் ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை. மீட்டர் பெல்ட்டைக் கழற்றி, இறங்கி, சுற்றிவந்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

“உங்களுக்குப் பயமே இல்லையா?” என்றார் லிஃப்ட்காரர். கேட்டுவிட்டு மீட்டரின் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

பட்டறையில் வண்டியை மேலே தூக்கி நிறுத்தி, கம்பளத்தை உரித்து எடுத்தார் ஸ்பானர். முன் இருக்கைகளுக்குப் பின்னால் தரையின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு வெல்டிங் தையல். வெகு நேர்த்தியான தையல். தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தது. ஆனால் கொட்டகை ஈரத்தில் இடது ஓரம் துருப்பிடித்துப் பொடியாகியிருந்தது. அந்த இடத்தில்தான் விட்டிருக்கிறது.

“இது ஒரு வண்டி இல்ல முதலாளி. ரெண்டு. முன்பாதி ஒண்ணு, பின்பாதி ஒண்ணு. கம்பளத்தைத் தூக்கியிருந்தாலே தெரிஞ்சிருக்கும்” என்றார் ஸ்பானர்.

முதலாளி மீட்டரைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, புரியாமல் பார்த்தார். “நின்னுச்சுன்னு சொன்னியேப்பா?”

மீட்டருக்கு அந்த நேரத்தில் ஒரு நல்ல பொய் கிடைத்திருக்கும். தேடக்கூடச் சோம்பலாக இருந்தது. “நிக்கலை” என்றார். “ஒம்பது மாசமா எந்த வண்டிக்கும் நிக்கலை. உங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய்.”

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஸ்பானர் போய் நிறுத்தினார். முதலாளி ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். ஒன்பது மாதம் என்பது எதைக் குறிக்கிறது என்று அவருக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. மயானத்துக்கு வந்து நின்றவர்தான்.

“எங்கிட்ட சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?” என்றார் கடைசியில். “உனக்குச் சரியில்லைன்னா சொல்ல வேண்டியதுதானே. ஒரு ஆளைச் சாகடிச்சிருப்பியே. நீயும் சேந்து போயிருப்பே.”

“தெரியும்.”

“தெரியும்ங்கற. அதைச் சொல்லும்போதுகூட நீ எங்கயோ இருக்கே பாரு” என்றார் முதலாளி. எழுந்தார். விற்றவர்கள் காதில் பூச்சுற்றிவிட்டார்கள், வக்கீலைக் கூப்பிடப் போகிறேன் என்றார். மீட்டர் தடுத்தார். அந்த மனிதர் இரண்டு தரம் கேட்கச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்றார். முதலாளி கையை விரித்தார். “அப்ப நீயே போய்க் கேட்டுட்டு வா. இனிமே வாங்கற வேலையும் கிடையாது, பக்கத்து சீட்டும் கிடையாது.”

அன்று மாலை வீட்டில் சாப்பிடும்போது மீட்டர் மகளிடம் விஷயத்தைச் சொன்னார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. வேலையிடத்தில் இப்படி ஆயிற்று, கதவு திறந்துகொண்டது, வண்டி நின்றுவிட்டது என்று வானிலை அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார். மகள் தட்டை நகர்த்தி வைத்தாள். தொலைக்காட்சியை அணைத்தாள்.

“கதவு திறந்தப்போ என்ன நினைச்சீங்க?”

“இஸ்திரிப் பெட்டியை அணைச்சேனான்னு நினைச்சேன்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னை நினைக்கலையா?” என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். “அம்மா போனப்போ நீங்க அழலை. சரி, உள்ளுக்குள்ள அழறீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. உள்ளயும் யாரும் இல்லையாப்பா?” சொல்லிவிட்டு அவள் அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவினாள். அவர் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்று, கழுவியதை வாங்கித் துடைத்து அடுக்கினார். அவள் தலையில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது. வைத்தார். அவள் தட்டிவிடவில்லை. முடி ஈரமாக இருந்தது, சூடாக இருந்தது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனார். பலகையில் ஒரு புதிய தாடை சேர்ந்திருந்தது. கண் தெரியாதவர் அவருடைய காலடியோசையை வைத்தே, “நல்ல வண்டிக்காரர் வந்திருக்காரா?” என்றார்.

மீட்டர், அது இரண்டு வண்டிதானே என்று கேட்டார்.

அவர் சிரித்தார். “இப்பதான் கேக்கறீங்க. உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க. நாலு பேரும் கம்பளத்தைத் தூக்கிப் பாத்துட்டு என்னைத் திட்டிட்டுப் போனாங்க. நீங்க ஒருத்தர்தான் நல்ல வண்டின்னீங்க. சரி, கண்டுபிடிச்சுட்டும் குருடன் மனசு நோகக்கூடாதுன்னு பேசாம இருக்கார், மனுஷன் பெரிய மனசுக்காரர்னு இவகிட்ட சொன்னேன்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்றார் அம்மாள்.

கண் தெரியாதவர் தானாகவே கதையைச் சொன்னார். ஒரு வண்டியில் பின்பாதி எரிந்துபோயிருந்தது; இன்னொன்றில் முன்பாதி நசுங்கியிருந்தது. இரண்டையும் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து இழுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து, ஆறு வருஷத்தில் ஒன்றாக்கினார். முப்பத்துநாலு வருஷம் பஸ் கட்டியவர். ஒவ்வொரு பஸ்ஸும் யாரோ போட்ட தடத்தில், யாரோ மணியடித்தால் நின்று, யாரோ மணியடித்தால் கிளம்பும். மணியே இல்லாத ஒன்றை வாழ்நாளில் ஒரு தரம் கட்டிவிட வேண்டும் என்று வெறி பிடித்திருந்தது என்றார். கட்டி முடித்து ஓட்டியது பதினெட்டு மாதம்; அதற்குள் கண் மங்க ஆரம்பித்துவிட்டது. பிறகும் தினம் ஒரு தரம் கொட்டகையில் உட்கார்ந்து கிளப்புவாராம். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தைக் கேட்டுவிட்டு, அணைத்துவிட்டு வருவாராம்.

“இப்ப எதுக்கு விசாரிக்கறீங்க? என்ன ஆச்சு?”

மீட்டர் சொன்னார். அந்த மனிதரின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. எந்த ஓரம் என்று கேட்டார். இடது என்றதும் தலையைக் குனிந்துகொண்டார். “துருவா?” “ஆமாங்க.” “ஓட்டினவர் இருக்காரா? நிஜமா ஒண்ணும் ஆகலையா?” என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் மீட்டர், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். மடியில் இருந்த அந்தப் பெரிய கைகள் நடுங்கத் தொடங்கின. ஒன்றை ஒன்று பிடித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அம்மாள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

மீட்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கதவு திறந்தபோது அந்த வண்டியில் இல்லாத மனிதர் நடுங்குகிறார். உள்ளே இருந்தவன் நான். அவருக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமைதான், வேறு எதுவுமில்லை என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. புளித்த ஏப்பம் போல அது நெஞ்சுக்குள் மேலேறி வந்தது. எவ்வளவு அற்பமான உணர்ச்சி என்று கூச்சப்பட்டார். பிறகு, கூச்சம் என்று இன்னொன்றும் வந்திருக்கிறதே என்று கவனித்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. கண் தெரியாதவர் பட்டறைக்கு வந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அவருடைய கையைப் பிடித்து விரிசலில் வைத்தார் ஸ்பானர். விரல்கள் தையலை மெதுவாகத் தடவிக்கொண்டே போயின; உடைந்த இடத்தில் நின்றன. “இங்க இரும்பு மெல்லிசு. அப்பவே தெரியும், பெரிசா எடுத்துக்கலை” என்றார். அடியில் முன்னிருந்து பின்வரைக்கும் இரண்டு பக்கமும் நீளச் சட்டம் கொடுத்தால்தான் தாங்கும் என்றார். ஸ்பானரும் அதையேதான் நினைத்திருந்தார். முதலாளி, சரி செய்து திருப்பிக் கொடுத்துவிடலாம், விற்கிற வண்டி இல்லை இது என்று முடிவெடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் லிஃப்ட்காரர் மறுபடி வந்தார். புகார் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். லிஃப்ட்காரர் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தக் கருநீலம் எங்கே என்றார்.

“சார், அது ரெண்டு வண்டியை ஒட்டினது. நாங்க கவனிக்காம விட்டது எங்க தப்பு. அதை விக்கறதா இல்ல.”

“ஒட்டின இடத்தைச் சரி பண்ண முடியுமா, முடியாதா?”

“முடியும். ஆனா...”

“அப்ப எனக்கு அதுதான் வேணும்” என்றார் லிஃப்ட்காரர். “அன்னிக்கு வீட்டுக்குப் போய் மூணு நாள் படுத்திருந்தேன். செத்துட்டேன்னே நினைச்சேன். எழுந்திரிச்சுக் காப்பி குடிச்சேன். எத்தனை வருஷமா குடிக்கற அதே காப்பி. அதுல அவ்வளவு ருசி இருக்குன்னு எனக்குத் தெரியாது சார்.” கொஞ்சம் வெட்கப்பட்டு, சட்டைப் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்துகொண்டார்.

சட்டம் கொடுத்து, தரையை மாற்றி, கண்ணாடி மாற்றி வண்டி தயாராவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. பக்கத்து இருக்கை போய்விட்டதால் மீட்டர் அந்த இரண்டு மாதமும் ஸ்பானரோடு பட்டறையில் இருந்தார். வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் அவருடைய புது வேலை. வீட்டில் தொலைக்காட்சி பெரும்பாலும் அணைந்தே கிடந்தது. பேசிக்கொள்ள அதிகம் இல்லாவிட்டாலும், மகள் மருந்துக் கடைக்கு வருகிறவர்களைப் பற்றி ஏதாவது சொல்வாள், அவர் கேட்டுக்கொள்வார். சில நாள் அவரும் ஒன்றிரண்டு வார்த்தை சொல்வார்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் லிஃப்ட்காரர் ஒரு நிபந்தனை போட்டார். இதைக் கட்டியவர்தான் முதல் சவாரிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். கண் தெரியாதவரை அம்மாள் கைப்பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார். வண்டி உறுமிக்கொண்டு வாசலைத் தாண்டியது. முதலாளியும் ஸ்பானரும் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே நடந்து போனார்கள். பட்டறை முற்றத்தில் மீட்டரும் அந்த அம்மாளும் மட்டும் நின்றார்கள்.

அம்மாள் சும்மா, பொழுது போவதற்குக் கேட்பது போல, “உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?” என்றார்.

“பொண்ணு இருக்கா. மருந்துக் கடையில வேலை.” பிறகு, “மனைவி இறந்துட்டாங்க” என்றார். அந்த வாக்கியத்தை அவர் இதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அம்மாள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. “அவங்களுக்கு இந்த வண்டிகள் பிடிக்குமா?” என்றார்.

“பிடிக்கவே பிடிக்காது” என்றார் மீட்டர். “ஒரு தரம் கூட்டிட்டு வந்தேன். அந்தப் பக்கம் நிக்குது பாருங்க, அந்த மாதிரி தரையோட கிடக்கற ஒண்ணுல உக்கார வச்சேன். உக்காந்துட்டா. எழுந்திரிக்க முடியலை. நானும் முதலாளியும் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கறோம், அவ சிரிக்கறா. சிரிக்கச் சிரிக்க இன்னும் கீழ போறா. அவ்வளவு விலைக்கு வித்துட்டு, ஏறி இறங்க ஒரு படி வச்சுத் தரமாட்டீங்களான்னு முதலாளியையே கேட்டா.”

அம்மாள் சிரித்தார். மீட்டருக்குப் பேச்சை நிறுத்தினால் என்ன ஆகுமோ என்றிருந்தது. அதனால் மேலே சொன்னார். அவள் சாலையைக் கடக்கும்போது எப்போதும் அவருடைய சட்டைக் கையைத்தான் பிடிப்பாள், கையைப் பிடிக்கமாட்டாள் என்றார். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்துக்குச் சின்னப் பிள்ளை போலச் சண்டை போடுவாள் என்றார். மருத்துவமனையில் கடைசி வாரத்தில் கட்டிலை மேலும் கீழும் நகர்த்துகிற பொத்தானை அமுக்கி அமுக்கி, உங்க வண்டியைவிட இது தேவலை என்றாளாம். அம்மாள் குறுக்கே பேசாமல், சுவரோரமிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கருநீல வண்டி திரும்பிவந்து முற்றத்தில் நின்றது. லிஃப்ட்காரர் இன்ஜினை அணைத்தார். கண் தெரியாதவர் இறங்காமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மீட்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்; தன் கையைப் பார்க்கத் தோன்றவில்லை. பிறகு அம்மாளிடம், மனைவிக்குத் தைக்கக் கொடுத்த துணி ஒன்று இன்னும் தையல்காரரிடமே கிடக்கிறது, போய் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.